கொல்லைல ஒரு மழைமானி நட்டு அரசாங்க வானிலை வேலைல நீங்களும் சேர்றது எப்படி

அமெரிக்காலயும் கனடாலயும் தனி வீட்ல இருக்கற நம்ம ஆளுங்க கொல்லைல தக்காளி போடுவாங்க, மிளகா போடுவாங்க, குளிர் வந்தா கறிவேப்பிலைத் தொட்டிய தூக்கி உள்ள வைப்பாங்க. அதே கொல்லைல ஒரு மழைமானிய நட்டு வச்சீங்கன்னா தினம் காலைல ரெண்டு நிமிஷ வேலைதான், நீங்க எழுதற அளவு அமெரிக்க அரசாங்கத்தோட வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் வரைக்கும் போகும், வெள்ள எச்சரிக்கை குடுக்கறவங்க அத பாப்பாங்க, ஆத்துல தண்ணி எவ்ளோ ஏறும்னு கணக்கு போடறவங்க பாப்பாங்க, வறட்சி மேப் வரையறவங்களும் பாப்பாங்க. இதுக்கு டிகிரி எதுவும் வேணாம், சேரும்போது குடியுரிமை பத்தியெல்லாம் கேக்கறது இல்ல, ஸ்கூல் போற பசங்க பண்றாங்க, ரிட்டயர் ஆனவங்க பண்றாங்க. ஊர்ல இருந்து ஆறு மாசத்துக்கு வந்து தங்கற அப்பா அம்மாவுக்கு இத விட நல்ல வேலை நான் பாத்தது இல்ல, எப்படியும் அவங்க அஞ்சு மணிக்கே எழுந்துடறாங்க.

திட்டத்துக்குப் பேரு கோகோராஸ் (CoCoRaHS). கொலராடோ ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்து நடத்தறாங்க, அமெரிக்க அரசாங்கத்தோட கடல், வளிமண்டலத் துறையான நோவாவும் (NOAA) நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனும் பணம் குடுத்து வளந்தது. இது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்பறம் சொல்லப்போற ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானா புரியும், அதனால அத மொதல்ல சொல்லிடறேன்.

1997 ஜூலை 28 ராத்திரி கொலராடோல ஃபோர்ட் காலின்ஸ்ங்கற ஊர்ல பெரு மழை. ஊரோட மேற்குப் பக்கம் ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துல 14 இன்ச்சுக்கு மேல கொட்டிடுச்சு, அதே ஊரோட இன்னொரு கோடில 2 இன்ச் கூட இல்ல. ஸ்ப்ரிங் க்ரீக்னு ஒரு சின்ன ஓடை பெருகி 5 பேர் செத்துப்போனாங்க, யூனிவர்சிட்டி லைப்ரரிக்குள்ள தண்ணி பூந்து லட்சக்கணக்கான புத்தகம் நனைஞ்சு போச்சு. அடையாறுல முழங்கால் தண்ணி, அண்ணா நகர்ல ரோடு கூட நனையலன்னு நாம சொல்லுவோம்ல, அதேதான், ஆனா இங்க அந்த வித்தியாசத்தால உயிர் போச்சு. எங்க எவ்ளோ பெஞ்சுதுன்னு யாருக்கும் அப்ப முழுசா தெரியல, ஏன்னா ரேடார் வானத்துல உசரத்துல இருக்கற மழையத்தான் பாக்கும், தூரம் போகப் போக அதோட கதிர் இன்னும் மேல போயிடும், அரசாங்க மானியோ ஊருக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். மழை ஓஞ்சப்பறம் நோலன் டோஸ்கன்ங்கற வானிலை ஆய்வாளரும் அவரோட ஆளுங்களும் ஊர் ஜனங்ககிட்டயே கேட்டாங்க, உங்க வீட்ல மானி இருந்துச்சா, வெளில ஏதாவது வாளி கெடந்துச்சா, எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு. அப்படி நூத்துக்கணக்கான வீட்ல இருந்து வந்த அளவ வச்சுத்தான் அந்த மழையோட முழுப் படம் கெடைச்சுது. அடுத்த வருஷமே, 1998ல, இத வெள்ளம் வந்தப்பறம் கேக்கற விஷயமா விடாம தினமும் நடக்கற வேலையா ஆக்கிட்டாங்க. இப்ப 50 மாநிலத்துலயும் இருக்கு, கனடாலயும் இருக்கு, அதனால டொரண்டோ பக்கம் இருக்கறவங்களும் தாராளமா சேரலாம்.

எந்த மானி வாங்கணும்

கடைல தோட்ட சாமான் பக்கத்துல தொங்கற சின்ன ஊசி மாதிரி மானி வேணாம், டிஜிட்டல் வெதர் ஸ்டேஷன்ல வர்ற மானியும் இதுக்கு ஆகாது. அந்த டிஜிட்டல் மானிக்குள்ள ஒரு குட்டி முகவை ரொம்பி ரொம்பி கவுறும், எத்தன தரம் கவுந்துச்சுன்னு எண்ணி மழைய சொல்லும், நிதானமா பெய்யும்போது பரவால்ல, அடிச்சு ஊத்தும்போது அது கவுந்து நிமிர்றதுக்குள்ள வர்ற தண்ணி கணக்குல வராம போயிடும். நமக்கு சரியான அளவு முக்கியமா வேண்டியதே அடிச்சு ஊத்தற நாள்லதான்.

கோகோராஸ் ஏத்துக்கறது 4 இன்ச் குறுக்களவு இருக்கற கையால படிக்கற பிளாஸ்டிக் மானி, 40 டாலர் பக்கத்துல வரும். மூணு பாகம்: வெளில பெரிய உருளை, மேல புனல், உள்ள ஒல்லியான குழாய். புனல் வாயோட பரப்புல பத்துல ஒரு பங்குதான் உள்குழாயோட பரப்பு, அதனால 1 இன்ச் மழை பெஞ்சா உள்குழாய்ல 10 இன்ச் உசரத்துக்கு நிக்கும், இன்ச்சுல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் கண்ணாலயே படிக்க முடியறது இதனாலதான். 1 இன்ச்சுக்கு மேல போனா வழிஞ்சு வெளி உருளைல சேந்துக்கும், மொத்தம் 11 இன்ச் வரைக்கும் தாங்கும். வீட்ல குழந்தைங்க இருந்தா இந்த பத்து மடங்கு விஷயத்த மானிய கைல குடுத்து தண்ணி ஊத்தி காட்டுங்க, பரப்பு, கொள்ளளவு எல்லாம் ஒரே சாயங்காலத்துல புரிஞ்சிடும்.

எங்க நடணும்

இதுலதான் நிறைய பேர் அவசரப்படறாங்க, ஜன்னல்ல இருந்து தெரியற மாதிரி செவுத்துக்கு ஒட்டி மாட்டிடுவாங்க. செவுறு, மரம், வேலி எதுவா இருந்தாலும் அது எவ்ளோ உசரமோ அதுல ரெண்டு மடங்கு தூரம் தள்ளி மானி இருந்தா நல்லது, 10 அடி ஷெட் இருந்தா 20 அடி தள்ளி. சின்ன கொல்லைல அவ்ளோ இடம் கெடைக்கல்லன்னா இருக்கறதுலயே தெறந்த இடமா பாத்து நடுங்க, ஆனா மரக்கெளைக்கு அடில மட்டும் வேண்டவே வேணாம், மழை நின்னப்பறமும் சொட்டிக்கிட்டே இருக்கும். சுத்தி வெட்டவெளியா இருந்தா மானியோட வாய் தரைல இருந்து ரெண்டு அடி உசரம் போதும், காத்து குறைவா அடிக்கும், வீடும் வேலியுமா இருக்கற பகுதின்னா அஞ்சு அடி. கம்பத்தோட மேல்நுனிய சாய்வா சீவிடுங்க, மானியோட வாய் கம்பத்த விட சில இன்ச் மேல இருக்கட்டும், இல்லன்னா கம்பத்துல பட்டுத் தெறிக்கற தண்ணி உள்ள போயிடும். புல்லுக்குத் தண்ணி அடிக்கற ஸ்ப்ரிங்க்ளர் எங்க வரைக்கும் எட்டுதுன்னு ஒரு தரம் போட்டு பாத்துட்டு நடுங்க. குடியிருப்போர் சங்கம் கண்டிப்பா இருக்கற இடம்னா மொதல்லயே ஒரு மெயில் போட்டு கேட்டுக்கோங்க, சும்மா ஒரு கம்பந்தான, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

நட்டப்பறம் கோகோராஸ் தளத்துல பேரு, மெயில், மானி இருக்கற இடம் குடுத்து பதிவு பண்ணா ஒரு ஸ்டேஷன் எண் குடுப்பாங்க, மாநில எழுத்து, கவுண்டி எழுத்து, ஒரு நம்பர்னு இருக்கும். மேப்ல உங்க வீட்டு கூரை மேலயே புள்ளிய சரியா வையுங்க, ஒரு தெரு தள்ளி வச்சா கூட பக்கத்து ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையாங்கறது மாறிடும். பயிற்சி வீடியோ இருக்கு, அத பாத்துடுங்க, ரொம்ப நேரம் ஆகாது.

காலைல என்ன பண்ணணும்

தினமும் காலைல 7 மணி. எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்துல படிச்சாத்தான் பக்கத்து பக்கத்து வீட்டு அளவ ஒண்ணா வச்சு பாக்க முடியும். நீங்க நேத்து சாயங்காலம் படிச்சு நான் இன்னிக்கு காலைல படிச்சா நடுவுல ராத்திரி பெஞ்ச மழை உங்க கணக்குல இருக்காது, என் கணக்குல இருக்கும், மேப் பாக்கறவருக்கு ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஏதோ புயல் வந்த மாதிரி தெரியும்.

கண்ண தண்ணி மட்டத்துக்கு நேரா கொண்டு வாங்க, குனிஞ்சு பாக்கணும், மேல இருந்து எட்டிப் பாக்கக் கூடாது. குழாய்ல தண்ணி ஓரத்துல ஏறியும் நடுவுல கொஞ்சம் குழிஞ்சும் நிக்கும், அந்தக் குழியோட அடிய படிங்க. 0.37னா 0.37தான், 0.40னு ரவுண்டு பண்ண வேணாம். வெளி உருளைல வழிஞ்சிருந்தா மொதல்ல உள்குழாய் 1.00னு எழுதிக்கிட்டு அத கொட்டிட்டு, உருளைல இருக்கற தண்ணிய புனல் வழியா நிதானமா உள்குழாய்ல ஊத்தி அளந்து, மறுபடி கொட்டி மறுபடி ஊத்தி, எல்லாத்தயும் கூட்டுங்க, எழுதிக்கறதுக்கு முன்னாடி எதயும் கொட்டாதீங்க. நாலு துளி விழுந்திருக்கு ஆனா அளக்கற அளவுக்கு இல்லன்னா டிரேஸ்னு ஒரு குறி இருக்கு, டி எழுத்து, அத போடுங்க. காலைல மானி மேல படிஞ்சிருக்கற வெறும் பனித்துளி மழைக் கணக்குல வராது.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், சுழியம். மழையே பெய்யலன்னா 0.00னு போடணும், கண்டிப்பா போடணும். நீங்க ஒண்ணுமே போடலன்னா அங்க இருக்கறவருக்கு என்ன தெரியும்? மழை இல்லையா, இல்ல நீங்க தூங்கிட்டீங்களா, ஊருக்குப் போயிட்டீங்களா? வெறும் இடத்த வச்சு யாரும் எதயும் முடிவு பண்ண முடியாது, ஆனா 0.00ங்கறது ஒரு முழு அளவு, இங்க ஒருத்தர் போய் பாத்தார், இல்லன்னு உறுதியா சொல்லிட்டார்னு அர்த்தம். மழை எங்க நின்னுச்சுங்கற ஓரத்த வரையறதே இந்த சுழியங்கள வச்சுத்தான். வறட்சின்னா என்ன, சுழியம் சுழியமா தொடர்ந்து வர்றதுதான், அத யாரோ ஒருத்தர் தினமும் எழுதி வச்சிருந்தாத்தான் இத்தன நாளா மழை இல்லன்னு அரசாங்கத்துகிட்ட காட்ட முடியும். வெயில் காலத்துல வாரக்கணக்கா 0.00 போட்டுக்கிட்டே இருக்கறது சலிப்பாத்தான் இருக்கும், ஆனா மழை நாள்ல மட்டும் எழுதற பத்து பேர விட தினமும் எழுதற ஒருத்தர்தான் இவங்களுக்கு உண்மையா வேணும்னு நான் சொல்லுவேன்.

கொட்டித் தீக்கற நாள்ல

மழை திடீர்னு பலமா புடிச்சுதுன்னா, இல்ல தெருவுல தண்ணி நிக்க ஆரம்பிச்சுதுன்னா, காலை 7 மணிக்காகக் காத்திருக்க வேணாம். சிக்னிஃபிகன்ட் வெதர் ரிப்போர்ட்னு தனியா ஒரு படிவம் இருக்கு, அந்த நேரத்துல மானில எவ்ளோ நிக்குதோ அத, எத்தன நேரத்துல பெஞ்சுதுங்கறதயும் சேத்து அனுப்புங்க, உங்க பகுதி வெதர் சர்வீஸ் ஆபீஸ்ல டியூட்டில இருக்கறவருக்கு அது உடனே போய்ச் சேரும். ரேடார் ஒரு மணி நேரத்துல ஒரு இன்ச்னு காட்டிக்கிட்டிருக்கும்போது மூணு வீட்ல இருந்து ரெண்டரை இன்ச்னு வந்தா அவர் எச்சரிக்கைய விடறதுக்கு அது பெரிய துணை. ஆலங்கட்டிக்கும் தனி படிவம் இருக்கு, ஆலங்கட்டி ரேடார நல்லா ஏமாத்தும், அதோட எதிரொலி பலமா வரும், ரேடார் அத பெரு மழைன்னு எடுத்துக்கும், அதனால தரைல இருந்து ஒருத்தர் இது கட்டி, பட்டாணி சைஸ்னு சொன்னா கணக்கு திருந்தும். மின்னல் அடிக்கும்போது வெளில போகாதீங்க, எந்த அளவும் அதுக்கு ஈடு இல்ல, அடங்கினப்பறம் போய் படிச்சுக்கலாம்.

பனி

பனி விழற ஊர்ல இருக்கறவங்க குளிர் ஆரம்பிச்சதும் புனலயும் உள்குழாயயும் கழட்டி உள்ள எடுத்து வச்சிடுங்க, உள்குழாய்ல தண்ணி உறைஞ்சா விரிஞ்சு வெடிச்சிடும். வெளி உருளை மட்டும் நிக்கட்டும், பனி அதுல விழும். காலைல உருளைய உள்ள கொண்டு வந்து, உள்குழாய்ல வெதுவெதுப்பான தண்ணி அளந்து எடுத்து, உதாரணத்துக்கு 0.50 இன்ச், அத உருளைல ஊத்தி பனி முழுசா கரைஞ்சதும் மொத்தத்தயும் உள்குழாய்ல ஊத்தி அளந்து, நீங்க ஊத்தின 0.50ஐ கழிச்சிடுங்க. மிச்சம் இருக்கறதுதான் அந்தப் பனிக்குள்ள இருந்த தண்ணி. பத்து இன்ச் பனிக்குள்ள ஒரு இன்ச் தண்ணி இருக்கலாம், லேசான பனின்னா அதுல பாதி கூட இருக்காது, ஈரப் பனின்னா அதிகம் இருக்கும், வசந்த காலத்துல பனி உருகும்போது ஆத்துல எவ்ளோ வரும்னு கணக்கு போடறவங்களுக்கு இந்தத் தண்ணி அளவுதான் வேணும். பனி எவ்ளோ உசரம் விழுந்துச்சுங்கறத அளக்க ஒரு வெள்ளை பெயின்ட் அடிச்ச பலகைய தரைல போட்டு வையுங்க, புல்லு மேல அளந்தா சரியா வராது.

லீவுல ஊருக்குப் போறீங்கன்னா கவலைப்படாதீங்க. திரும்பி வந்து மானில மொத்தமா எவ்ளோ நிக்குதோ அத பல நாள் சேந்த அளவுன்னு போட தனி படிவம் இருக்கு, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு கேக்கும். ஒரே நாள்ல பெஞ்ச மாதிரி மட்டும் போட்டுடாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா இருந்தா அவருக்கு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, அதுல அவரும் ஒரு மானி வாங்கினா இன்னும் நல்லது.

அரசாங்கம் எதுக்கு நம்ம கைய எதிர்பாக்குது

இது ஏதோ இன்டர்நெட் வந்தப்பறம் வந்த பழக்கம்னு நினைக்க வேணாம். தன்னார்வமா அளக்கறவங்கள வச்சு நாடு முழுக்க வானிலைய பதிவு பண்ற கூட்டுறவு பார்வையாளர் திட்டம் 1890ல இருந்து அமெரிக்கால நடக்குது, விவசாயி, வாத்தியார், தபால்காரர்னு தலைமுறை தலைமுறையா ஒரே வீட்ல இருந்து எழுதிக் குடுத்த குடும்பங்கள் இருக்கு. அந்த ஏடுங்க இல்லன்னா நூறு வருஷத்துல வெப்பம் எப்படி மாறிச்சுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. 2015ல வெள்ளை மாளிகை அறிவியல் அலுவலகம் எல்லா துறைக்கும் ஒரு குறிப்பு அனுப்பி நீங்களும் இந்த மாதிரி மக்கள சேத்துக்கோங்கன்னு சொன்னாங்க, 2017 ஜனவரில ஒபாமா கையெழுத்து போட்ட ஒரு சட்டத்துல இத தனிப் பிரிவாவே சேத்துட்டாங்க. அந்தச் சட்டத்துல எனக்குப் புடிச்சது என்னன்னா துறைகள் மக்கள்கிட்ட இருந்து வாங்கலாம்னு மட்டும் சொல்லி நிறுத்தல, எதுக்காக வாங்கறோம், என்ன பண்ணப் போறோம், தனியுரிமை என்னன்னு சேர்றவங்ககிட்ட சொல்லணும், முடிஞ்ச வரைக்கும் டேட்டாவ பொதுவுல வைக்கணும்னும் சொல்லுது.

எந்தத் திட்டத்துல சேர்றதா இருந்தாலும் நான் மொதல்ல பாக்கறது இததான்: நான் குடுத்தது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியுமா? கோகோராஸ்ல காலைல அளவ போட்ட உடனே மேப்ல என் புள்ளி கலரோட வந்துடும், பக்கத்துல இருக்கற மத்த புள்ளியெல்லாம் தெரியும், யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம். படிவத்த ரொப்பிட்டு நன்றின்னு ஒரு வரி வந்து அதோட முடிஞ்சு போற திட்டம்னா அதுல உங்க காலை நேரத்த செலவு பண்ண வேணாம், அது எந்த நாட்டு அரசாங்கமா இருந்தாலும் சரி. அரசாங்க வேலைல இருக்கறவங்க யாராவது இத படிச்சீங்கன்னாலும் இதுதான் என் வேண்டுகோள், ஆப் செய்யறதுக்கு முன்னாடி திருப்பிக் காட்டற மேப்ப செய்யுங்க, ஜனங்க தானா வருவாங்க.

கொல்லை இல்லாதவங்க

அபார்ட்மென்ட் பால்கனில மானி வைக்க முடியாது, மேல் மாடி மறைக்கும். அவங்களுக்கு எம்பிங்னு ஒரு ஆப் இருக்கு, நோவாவோட கடும் புயல் ஆய்வகமும் ஓக்லஹோமா யூனிவர்சிட்டியும் சேந்து 2012ல விட்டது. ஜன்னல்ல பாத்து இப்ப விழறது மழையா, பனியா, உறையற மழையா, ஆலங்கட்டியான்னு தட்டினா போதும், பேரு கூட கேக்காது. உறைநிலைக்குப் பக்கத்துல இருக்கற நாள்ல இது ரொம்ப உதவும், ரேடார் மேல பனின்னு பாத்தது கீழ வர்றதுக்குள்ள மழையா ஆகியிருக்கும்.

நிலநடுக்கத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ் நடத்தற டிட் யு ஃபீல் இட்ங்கற தளம் இருக்கு. 2024 ஏப்ரல் 5 காலை 10.23க்கு நியூ ஜெர்சில 4.8 அளவுல குலுங்கிச்சே, எடிசன்ல இருந்த நம்ம ஆளுங்க எல்லாம் வாட்ஸாப் குரூப்ல உங்களுக்கு ஆடுச்சா உங்களுக்கு ஆடுச்சான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அதே சேதிய அந்தத் தளத்துல போட்டவங்க ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. கேள்வியெல்லாம் சாதாரணமா இருக்கும், தூங்கிட்டு இருந்தீங்களா, பாத்திரம் கடகடன்னு ஆடுச்சா, அலமாரில இருந்து ஏதாவது விழுந்துச்சா, நிக்க முடிஞ்சுதா, எத்தனாவது மாடி. இதெல்லாம் சேத்து ஒவ்வொரு பகுதிலயும் குலுக்கல் எவ்ளோன்னு சில நிமிஷத்துல மேப் வந்துடும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னாலும் தெரியலன்னு போடுங்க, மழைல சுழியம் எதுக்கோ அதுக்குத்தான் இதுவும். உலகத்துல எங்க இருந்து வேணா போடலாம், சென்னைல லேசா ஆடினாலும் சரி.

எழுத்து வேலைல ஆர்வம் இருக்கறவங்களுக்கு ஆவணக் காப்பகம். அமெரிக்க நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல சிட்டிசன் ஆர்க்கிவிஸ்ட்னும், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல 2018ல இருந்து பை தி பீப்பிள்னும் நடத்தறாங்க, ஸ்கேன் பண்ணின பழைய கையெழுத்தப் பாத்து டைப் பண்ற வேலை. சுதந்திரப் போர் வீரர்களும் அவங்க விதவைகளும் பென்ஷன் கேட்டு குடுத்த மனுக்களே 80,000 பேருக்கு மேல இருக்கு, பக்கம் 20 லட்சத்துக்கு மேல, இதெல்லாம் டைப் ஆனாத்தான் தேடினா கெடைக்கும். விதி ரொம்ப எளிமை, இருக்கறத இருக்கற மாதிரியே டைப் பண்ணுங்க, அவர் எழுத்துப்பிழையோட எழுதியிருந்தா பிழையோடயே, படிக்க முடியல்லன்னா படிக்க முடியல்லன்னு குறிங்க, ஊகிச்சு ரொப்ப வேணாம். பை தி பீப்பிள்ல ஒருத்தர் டைப் பண்ணத இன்னொருத்தர் சரிபாத்தப்பறம்தான் முடிஞ்சதா கணக்கு. நம்மள்ல நாப்பது வயசுக்கு மேல இருக்கறவங்க சேத்தெழுத்துல ரெட்டைக்கோடு நோட்டு எழுதி வளந்தவங்க, அந்த சேத்தெழுத்த படிக்கறதுக்குத்தான் இப்ப அங்க ஆள் தேவைப்படுது.

ஊர்ல இருக்கறவங்களுக்கு

கோகோராஸ் இந்தியால கெடையாது, ஆனா குளோப் அப்சர்வர்னு நாசா ஆதரவுல நடக்கற ஆப் இந்தியால வேலை செய்யும். அதுல மேகம் பாக்கற பகுதி நல்லா இருக்கும், நாலு திசை, மேல, கீழன்னு ஃபோட்டோ எடுத்து என்ன மாதிரி மேகம், வானத்துல எவ்ளோ பங்கு மறைச்சிருக்குன்னு சொல்லணும். சாட்டிலைட் மேல இருந்து பாக்கறதால உசரத்துல இருக்கற மேகம் அடில இருக்கறத மறைச்சிடும், அடில இருக்கறத நீங்கதான் சொல்லணும். நீங்க பாத்த நேரமும் சாட்டிலைட் உங்க ஊர் மேல போன நேரமும் ஒத்துப் போச்சுன்னா ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாசால இருந்து மெயில் வரும், பசங்க அத பாத்தா விட மாட்டாங்க. ஒரே எச்சரிக்கை, சூரியன நேரா பாக்க விடாதீங்க.

அதே ஆப்லதான் கொசு இருக்கற இடத்த குறிக்கற பகுதியும். மொட்டை மாடில கெடக்கற டயர், பூந்தொட்டி தட்டு, உடைஞ்ச குடம், எங்க தண்ணி தேங்கி புழு நெளியுதோ அத ஃபோட்டோ எடுத்து, என்ன கொசுன்னு ஆப் காட்டற படத்தோட ஒப்பிட்டு, கடைசில அந்தத் தண்ணிய கொட்டிட்டேன்னு குறிக்கணும். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு நல்ல தண்ணிலதான் முட்டை போடும், அதனால நீங்க கவுத்து விடற ஒவ்வொரு தட்டும் அன்னிக்கே உங்க தெருவுக்குப் பலன்.

பறவை பாக்கற ஆசை இருந்தா பொங்கல் நாலு நாள்ல நடக்கற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல சேருங்க, 2015ல இருந்து நடக்குது, தன்னார்வலர்கள் நடத்தறதுதான், ஒரு இடத்துல நின்னு குறைஞ்சது கால் மணி நேரம் பாத்து எண்ணி இ-பேர்ட்ங்கற பறவைப் பதிவு தளத்துல ஏத்தணும். காக்கா, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் எண்ணுங்க, சாதாரணப் பறவைன்னு விட்டுடாதீங்க. இப்படி 30,000 பேருக்கு மேல போட்ட 3 கோடிக்கு மேற்பட்ட பதிவ வச்சுத்தான் 2023ல இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்துச்சு, அரசாங்க நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் சேந்து 942 வகைய ஆராய்ஞ்சு எது குறையுது எது கூடுதுன்னு சொன்னாங்க. ஒருத்தர் சம்பளத்துக்கு ஆள் வச்சு நாடு முழுக்க இத எண்ணணும்னா முடியற காரியமா?

மழையே அளக்கணும்னு இருக்கறவங்க வீட்டு மொட்டை மாடில அளக்கலாம், மாடிச் செவுறும் தண்ணித் தொட்டியும் மறைக்காத இடமா பாத்து வையுங்க. மானி கெடைக்கலன்னா வாயும் அடியும் ஒரே அகலத்துல நேரா இருக்கற கண்ணாடி ஜாடிய வச்சு, சாயாம சுத்தி செங்கல் அணை குடுத்து, உள்ள நிக்கற தண்ணிய மில்லிமீட்டர் ஸ்கேல்ல அளந்தா அதுவே மழை அளவுதான், சின்ன மழைக்கு அவ்ளோ துல்லியமா வராது ஆனா வடகிழக்குப் பருவமழைக்கு நல்லாவே வரும். நேரம் மட்டும் காலை 8.30னு வச்சுக்கோங்க, இந்திய வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழைய 8.30ல இருந்து மறுநாள் 8.30 வரைக்கும்தான் கணக்கு பண்ணுது, அப்பத்தான் உங்க நோட்டுல இருக்கறதயும் மீனம்பாக்கத்துலயோ நுங்கம்பாக்கத்துலயோ அளந்ததயும் ஒண்ணா வச்சு பாக்க முடியும். 2.5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான் அவங்க கணக்குல மழை நாள், ஆனா நீங்க 0.5 இருந்தாலும் எழுதுங்க, ஒண்ணும் இல்லன்னா 0 எழுதுங்க, பக்கத்துலயே தேதி, மணி, ஜாடி மாத்தினா மாத்தின நாள் எல்லாத்தயும் குறிச்சு வையுங்க.